தேதியற்ற சிந்தனைகள்

நண்பர் ஒருவர் தன் இணையதளத்தைச் சீரமைத்திருக்கிறார். பெயர் அவசியமில்லை. இந்தப் பத்திரிகை போய்ச்சேரும் சொற்பப் பேருக்கும் யாரென்று தெரியும், அவருக்கும் தெரியும். பத்து வருஷங்களுக்கு மேலாக அவர் எழுதிய மதிப்புரைகள், குறிப்புகள், சண்டைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துகிடந்த இடம் அது. இப்போது வெண்மையான பக்கம், கண்ணை உறுத்தாத எழுத்து, தாராளமான காலியிடம். முகப்பில் 'என் சிந்தனைகளின் ஆவணக்காப்பகம்' என்று போட்டிருக்கிறார். உள்ளே கவிதை, மரணம், நகரம், மொழி, தனிமை என்று தலைப்புவாரியாக அறைகள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. எந்த ஒரு கட்டுரைக்கும் தேதி மட்டும் இல்லை.

நான் ஒரு குறிப்பிட்ட கட்டுரையைத் தேடிப் போனேன். 2014ல் ஒரு இளம் கவிஞரின் முதல் தொகுப்பை நண்பர் கிழித்துப்போட்டு எழுதியது. கவிதையே தெரியாத ஒருவரின் வாய்ச்சவடால் என்கிற அளவுக்குப் போயிருந்தார். நான் அதற்கு ஒரு மறுப்பு எழுதினேன். அது அச்சில் வந்தது. அந்தக் கவிஞர் இன்றுவரை இரண்டாவது தொகுப்பு கொண்டுவரவில்லை. கட்டுரைதான் காரணம் என்று சொல்ல நான் தயாரில்லை. மனிதர்கள் எழுதாமல் போவதற்கு ஆயிரம் காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் கட்டுரை ஒரு சம்பவம். அது நடந்தது. இப்போது நண்பரின் காப்பகத்தில் அது நடக்கவே இல்லை. என் மறுப்பு மட்டும், எதிரில் ஆள் இல்லாமல் காற்றோடு கைகலக்கிற பைத்தியக்காரனைப்போல, பழைய இதழ் ஒன்றில் நின்றுகொண்டிருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 'கவிதை' என்ற அறையில் தேதியில்லாத ஒரு கட்டுரை இருக்கிறது. அன்று எதை வாய்ச்சவடால் என்றாரோ அதே ரகக் கவிதையை, நேரடியாகப் பேசுகிற, படிமத்தின் முதுகுக்குப்பின் ஒளியாத கவிதையை, நம் காலத்துக்கு அவசியமான குரல் என்று அதில் சொல்கிறார். நல்ல கட்டுரை. நண்பர் எழுதியவற்றிலேயே ஆகச் சிறந்தது என்பேன். அவர் மாறியிருக்கிறார். ஒரு விமர்சகன் தன் ரசனையை உடைத்துக்கொண்டு வெளியேவருவது இங்கே அபூர்வமாக நடக்கிற காரியம். ஆனால் எதிலிருந்து வெளியே வந்தார் என்பதைத் துடைத்துவிட்டதால், பிறந்ததுமுதல் இதே ஞானத்தோடு உட்கார்ந்திருந்தவராகக் காட்சியளிக்கிறார். தன்னிடம் இருந்த உருப்படியான ஒரே சாட்சியத்தை அவரே குப்பையில் போட்டுவிட்டார்.

கேட்டேன். "இது என் வீடு. எந்தச் சாமானை எங்கே வைப்பது, எதைத் தூக்கி எறிவது என்பது என் இஷ்டம்" என்றார். வாஸ்தவம். வீட்டுக்கு வெள்ளையடிக்க யார் அனுமதியும் வேண்டாம். ஆனால் வெள்ளையடிப்பது வேறு, பத்திரத்தில் கைவைப்பது வேறு. வீடு என்றால் வீடு என்று பலகை மாட்டட்டும்; காப்பகம் என்று மாட்டவேண்டாம்.

இந்த வியாதி புதிதல்ல, இணையத்தோடு வந்ததும் அல்ல. இதற்கு மிகப்பெரிய முன்னோடி டபிள்யூ. எச். ஆடன். 1937ன் தொடக்கத்தில் ஸ்பெயின் போய்வந்து, அந்த உள்நாட்டுப் போரைப் பற்றி 'ஸ்பெயின்' என்ற கவிதையைத் துண்டுப்பிரசுரமாக வெளியிட்டார். வருமானம் ஸ்பெயினுக்கான மருத்துவ உதவிக்குப் போயிற்று. அதில் கொலையை அவசியம் என்று ஏற்றுக்கொள்வதாக ஒரு இடம் வருகிறது. கொலை என்றால் என்னவென்று நேரில் அறியாதவர்களின் சௌகரியம் இது என்ற பொருளில் ஜார்ஜ் ஆர்வெல் 1940ல் தாக்கினார். ஏறத்தாழ அதே சமயத்தில் ஆடனும் அந்த இடத்தை மாற்றி, சில பத்திகளை நீக்கி, தன் தொகுப்பில் சேர்த்தார். 1966ல் வந்த திரட்டில் கவிதையையே எடுத்துவிட்டார். இரண்டாம் உலகப்போர் மூண்ட நாளைத் தலைப்பாகக் கொண்ட, அவருடைய மிகப் பிரபலமான '1939 செப்டம்பர் 1' கவிதைக்கும் அதே கதி. முதலில் ஒரு பத்தி போயிற்று, பிறகு ஒரு வரியில் ஒரு சின்ன இணைப்புச்சொல் மாறியது, கடைசியில் முழுக்கவிதையும் போயிற்று.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1945ல் அவர் செய்தது. அந்த வருஷம் நியூயார்க்கில் வந்த திரட்டில் கவிதைகளை எழுதிய வரிசையில் வைக்கவில்லை. முதல் வரியின் அகரவரிசையில் வைத்தார். இருபது வயதுப் பையன் எழுதியதும், இங்கிலாந்தைவிட்டு அமெரிக்கா போய் மதநம்பிக்கைக்குத் திரும்பியவர் எழுதியதும் பக்கம் பக்கமாக, ஒரே ஆள் ஒரே மத்தியானத்தில் எழுதியதுபோல் நின்றன. அவர் எங்கிருந்து எங்கே வந்தார் என்று யாரும் தடம்பிடிக்கக்கூடாது. நண்பரின் மரணம், நகரம், தனிமை அறைகளுக்கு இதுதான் பூர்வீகம். அகரவரிசையும் தலைப்புவரிசையும் பார்வைக்கு ஒழுங்கு. காரியத்தில் அவை காலத்தை மறைக்கிற திரை.

பி.ஏ. வகுப்பில் ஆடனின் 'அறியப்படாத குடிமகன்' கவிதையை எங்களுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். அரசாங்கத்தின் எல்லாப் பதிவேடுகளிலும் ஒரு மாசுமில்லாத மனிதனைப் பற்றிய கிண்டல். நவீன அரசைக் கிண்டல் செய்கிறது என்று விரிவுரையாளர் சொல்ல, நாங்கள் எழுதிக்கொண்டோம். தன் பதிவேட்டில் மாசு இருக்கக்கூடாதென்று அக்கவிஞரே பின்னால் எவ்வளவு பாடுபட்டார் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் ஆடனுக்காக இரண்டு விஷயங்கள் சொல்லியாகவேண்டும். அவர் ரகசியமாகச் செய்யவில்லை. 1966 திரட்டின் முன்னுரையில், நேர்மையற்றவை என்று தனக்குப் படுகிற கவிதைகளை விலக்கியிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு காரணமும் சொன்னார். அந்தக் காரணத்தோடு நாம் சண்டைபோடலாம், போட்டுக்கொண்டும் இருக்கிறோம். இரண்டாவது, அவர் நினைத்தாலும் அழிக்கமுடியவில்லை. பழைய பிரசுரங்கள் நூலகங்களில் இருந்தன. ஜோசப் வாரன் பீச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைப் பக்கத்தில் பக்கம் வைத்துப்பார்த்து, என்னென்ன மாறிற்று என்று 1957ல் ஒரு புத்தகமே போட்டார். ஆடன் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1977ல் எட்வர்ட் மெண்டல்சன் பழைய வடிவங்களைத் திரும்ப அச்சேற்றினார். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் கோபுரங்கள் விழுந்தபோது ஜனங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது ஆடன் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தச் செப்டம்பர் கவிதையைத்தான்.

நண்பருடைய தளத்துக்கு எந்த நூலகம்? 'வேபேக் மெஷினில் தேடிப்பார்' என்று அவரே சொன்னார், கொஞ்சம் நக்கலாக. இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996லிருந்து வலைப்பக்கங்களைப் பிரதியெடுத்துவருகிறது. 2001லிருந்து பழைய பிரதிகளை யாரும் பார்க்கலாம். ஆனால் அதன் வலையில் எல்லாப் பக்கமும் விழுவதில்லை. விழுந்ததையும் எடுத்துவிடும்படி தளக்காரர் கேட்கலாம். நான் தேடிய பக்கம் விழவில்லை. அச்சிட்டவன் தன் பிழைக்கு முந்நூறு சாட்சிகளை உண்டாக்கிவிடுகிறான். இணையத்தில் எழுதுகிறவனுக்கு அவனே சாட்சி, அவனே நீதிபதி, கோப்பைக் கொளுத்துகிற கடைநிலை ஊழியனும் அவனே. ஆகவேதான் அவனுக்குக் கூடுதல் கூச்சம் வேண்டும் என்கிறேன்.

மறுபக்கம் மான்டேன். 1580ல் இரண்டு பாகங்கள். 1588ல் மூன்றாம் பாகமும், பழைய இரண்டில் நூற்றுக்கணக்கான சேர்க்கைகளும். பிறகு அந்த 1588 பதிப்பின் பிரதி ஒன்றின் ஓரங்களிலேயே 1592ல் சாகும்வரை எழுதிக்கொண்டிருந்தார். போர்தோ நகரில் அந்தப் பிரதி இன்றும் இருக்கிறது. பைண்டு செய்தவன் ஓரத்தை வெட்டியதில் சில சொற்கள் போய்விட்டன என்பது நமக்கெல்லாம் பழக்கமான துக்கம். சேர்ப்பேன், திருத்தமாட்டேன் என்பது அவர் அறிவித்த கொள்கை. அதை அவர் நூறு சதம் கடைப்பிடிக்கவில்லைதான்; சொற்களை மாற்றினார், சிலவற்றை அடித்தார். ஆனால் முன்பு சொன்னதற்கு நேர்மாறாக இப்போது தோன்றினால், முன்பு சொன்னதை அகற்றாமல் பக்கத்திலேயே இதையும் எழுதினார். இன்று வருகிற பதிப்புகளில் மூன்று அடுக்குகளையும் ஏ, பி, சி என்று குறித்துக்காட்டுகிறார்கள். ஒரே வாக்கியத்துக்குள் நாற்பது சொச்சம் வயது மனிதனும் ஐம்பத்தைந்து தாண்டியவனும் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். அந்தப் பேச்சுதான் மான்டேன். அடுக்குகளை இஸ்திரிபோட்டு ஒன்றாக்கிவிட்டால் மிஞ்சுவது நாட்காட்டித் தாளில் அச்சிடுகிற பொன்மொழி.

நான் வேலைபார்ப்பது ஒரு வங்கிக் கிளையில். ரெக்கார்டு அறையில் பழைய லெட்ஜர்கள் இன்னும் அடுக்கிக்கிடக்கின்றன. தப்பாக எழுதிய தொகையைச் சுரண்டி அழிக்கக்கூடாது, மேலே எழுதக்கூடாது. ஒரே கோடாக அடித்து, கீழே இருப்பது படிக்கும்படி விட்டு, சரியானதை எழுதி, பக்கத்தில் அதிகாரியின் சுருக்கொப்பம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். அங்கேயும் தவறாகப் போட்ட என்ட்ரி மறைவதில்லை. அதற்கு எதிராக ஒரு ரிவர்சல் போகிறது, இரண்டும் தேதியோடு நிற்கின்றன. நானூறு ரூபாய்க்கு இவ்வளவு மரியாதை தருகிறோம். ஒரு கவிஞரைத் தீர்த்துக்கட்டிய தீர்ப்புக்கு அது வேண்டாமா?

எல்லாவற்றையும் சேர்த்துவை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். தும்மியதையும் இருமியதையும் சேகரித்துவைக்கிற இன்னொரு கோஷ்டி இருக்கிறது, அவர்களைப் பற்றி வேறொரு சமயம் எழுதவேண்டும். பத்தொன்பது வயதில் எழுதிய காதல் புலம்பலை எடுத்துவிடலாம், உலகம் ஒன்றும் இழந்துவிடாது. மூன்றாவது மனிதரின் அந்தரங்கத்தைத் தொட்டு எழுதியிருந்தால் எடுத்துத்தான் ஆகவேண்டும். கவிஞன் தன் கவிதையைச் செப்பனிடலாமா என்பதில் எனக்கே தீர்மானம் இல்லை. ஆனால் பொதுவில் வைத்த மதிப்பீடு, அதுவும் இன்னொருவரின் எழுத்தைப் பற்றிய மதிப்பீடு, எழுதியவரின் தனிச்சொத்து அல்ல. அதன் மறுமுனையில் ஒருவர் இருக்கிறார். எடுப்பதானால், இங்கே இது இருந்தது, இந்தத் தேதியில் எடுத்தேன், இன்ன காரணம் என்று ஒரு வரி எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்? காலியிடத்துக்குத்தான் அங்கே பஞ்சமில்லையே.

தேதி ஒரு அற்ப விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. பாரதியின் எழுத்துகளைக் காலவரிசைப்படுத்த சீனி. விசுவநாதன் எத்தனை வருஷம் உழைத்தார் என்பது நமக்குத் தெரியும். புதுமைப்பித்தன் கதைகளுக்குப் பழைய பத்திரிகைகளைத் துழாவி ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ல் பதிப்புக் கொண்டுவந்த பிறகுதான், எந்தக் கதைக்குப் பின் எந்தக் கதை என்று நாம் பேசவே முடிந்தது. இறந்தவர்களின் தேதிகளை இப்படி ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுக்கிற ஊரில், உயிரோடிருப்பவர் தன் தேதிகளை அலங்காரத்துக்குக் குறுக்கே நிற்கிறதென்று உதறுகிறார். போதாததற்கு முகவரிகளும் மாறிவிட்டன. வலைப்பக்கத்தின் முகவரி தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்று வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதிவைத்தார். நண்பரின் பழைய கட்டுரைகளைச் சுட்டி மற்றவர்கள் எழுதியவை எல்லாம் இப்போது 'பக்கம் இல்லை' என்ற அறிவிப்பில் போய் முட்டுகின்றன. பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பக்கங்கள் யூனிகோடு வந்தபின் வெறும் பூச்சிகளாகத் தெரிந்தது விபத்து. இது விபத்து அல்ல.

என் பங்குக்கு: 2014 மறுப்பை நேற்று எடுத்துப் படித்தேன். அந்தக் கவிஞரைக் காப்பாற்றுகிற வேகத்தில் மூன்று இடங்களில் அளவுக்குமீறிப் புகழ்ந்திருக்கிறேன். ஒரு கவிதையைத் தப்பாகவே புரிந்துகொண்டிருக்கிறேன். நண்பர் அதில் சரி. அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் அடுத்த இதழில் மறுபிரசுரம் செய்ய ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். நண்பரிடம் அவர் கட்டுரையின் கோப்பு இருக்கும். அழித்திருக்கமாட்டார், எனக்குத் தெரியும். இந்த மாதக் கடைசிக்குள் ஆசிரியருக்கு அனுப்பிவைக்கலாம்.