இன்ஜினுக்குப் பூட்டு, காலனிக்குக் கேமரா

போன மாசி மாதம் எங்கள் பகுதிக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரே இரவில் மூன்று ஃபைபர் படகுகளின் இன்ஜின்கள் களவு போயின. விடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் முதலில் போனது காவல் நிலையத்துக்கு அல்ல, எங்கள் காலனிக்கு. அங்கிருந்து முகத்துவாரத்தின் அக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்புக்கு. "நேத்து ராத்திரி எவனெவன் தண்ணியில இறங்கினீங்க?" என்பதுதான் விசாரணையின் முதல் கேள்வி. பகல் பத்து மணிக்குள் என் மாமா மகனும் இரண்டு இருளர் இளைஞர்களும் காவல் நிலைய வாசலில் குந்தவைக்கப்பட்டிருந்தார்கள். இரவு விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்பதற்கு ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது.

நான் உப்பங்கழி மீன்பிடி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். என் மாமா அதே கழியில் சின்னத் தோணி வைத்து வலை போடுகிறவர். ஆகவே நடுநிலையாளர் வேடம் எனக்குப் பொருந்தாது.

இன்ஜின் திருட்டு சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் ஒன்று லட்சம் ரூபாய்க்கு மேல் போகிறது. அந்தப் பணம் மீனவனின் கையில் இருந்த பணமும் அல்ல. மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், நகைக்கடன், மனைவியின் குழுக் கடன். இன்ஜின் போனாலும் கடன் போகாது. வியாபாரிக்கே மீனைப் போடவேண்டும் என்ற கட்டுப்பாடு இன்னும் சில வருடம் நீளும். அந்தக் கண்ணீர் உண்மையானது. அது எந்தப் பக்கம் திருப்பிவிடப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 9.9 குதிரைத்திறன் இன்ஜின் 35, 40 கிலோ எடை. அதைத் தனியாளாகத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் ஓடிவிட முடியாது. மூன்று இன்ஜின் என்றால் கரையோரம் ஒரு வண்டி நின்றிருக்க வேண்டும். அதன் பிறகு ரசீது கேட்காமல் வாங்க ஒருவர் வேண்டும், எண் தகட்டைப் பிடுங்கிவிட்டுப் பாகம் பாகமாகப் பிரித்து விற்கத் தெரிந்த ஒரு கை வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது பேட்டரி, ஜி.பி.எஸ்., வெண்கலப் புரொப்பல்லர் என்று கழன்று போகிறதே, அந்த வெண்கலம் எந்தத் தராசில் ஏறுகிறது? கழியில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறவரிடம் வண்டி இருக்கிறதா, பட்டறை இருக்கிறதா, பழைய இரும்புக் கடை இருக்கிறதா? மூன்றும் யாரிடம் இருக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். அவர்கள்தான் குற்றவாளிகள் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் பக்கத்தில் இறால் பண்ணைக்கும் சவுக்குத் தோப்புக்கும் இரவுக் காவலுக்கு வைப்பது பெரும்பாலும் இருளர் குடும்பங்களைத்தான். முதலாளியின் பல லட்சம் ரூபாய் இறாலுக்கு நம்பிக்கையான காவல்காரர், பக்கத்துக் கரையில் ஓர் இன்ஜின் காணாமல் போனால் விடிவதற்குள் திருடராகிவிடுகிறார்.

இது பழைய வியாதி. 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பழங்குடியினர் சட்டம் கொண்டுவந்தான். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அதைப் பரப்பினான். பிறப்பையே குற்றப் பத்திரிகையாக்கி, ரேகை வைத்து, இரவானால் வந்து ஆஜராகு என்றது அந்தச் சட்டம். 1952இல் அதை ஒழித்தோம். ஆனால் 'பழக்கக் குற்றவாளி' என்ற பெயரில் அதன் வாடை சிறை விதிகளில் தொடர்ந்ததை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாகண்ணு அடித்தே கொல்லப்பட்டதும் ஒரு திருட்டுப் புகாரில்தான். 'ஜெய் பீம்' பார்த்து அழுதவர்களுக்கு ஒரு தகவல்: படத்தில் இருளராகக் காட்டப்பட்ட அவர் உண்மையில் குறவர் சமூகத்தவர். சந்தேகிக்கப்படும் சாதி ஒன்றல்ல, பல.

பத்து நாள் கழித்து ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. ஆய்வுக்காக வந்தவன் என்ற சலுகையில் நானும் ஓரமாக நின்றேன். மூன்று முடிவுகள் எடுத்தார்கள். வரிப்பணத்தில் கேமரா வாங்கிக் காலனியிலிருந்து கரைக்கு வரும் வாய்க்கால் பாலத்தில் வைப்பது. இரவு எட்டு மணிக்கு மேல் 'வெளியாள்' கரைக்கு வரக்கூடாது. கழியில் இறங்குகிற இருளர்கள் முன்கூட்டியே பெயர் எழுதிக் கொடுக்கவேண்டும். கேட்கும்போது எனக்கு அந்த ரேகைச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது. ஏற்றத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு எட்டு மணிக் கெடு என்றால், பாதி நாள் பட்டினி என்று பொருள்.

"அண்ணே, எங்க மாமா வலையும் சின்ன மோட்டாரும் போன ஐப்பசியில களவு போச்சு. அப்ப ஏன் பஞ்சாயத்து கூடல?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: "தம்பி, அது கழி வலை. இது கடல் படகு."

மாமா அன்றைக்குக் காவல் நிலையத்துக்குப் போய்க் கிடைத்தது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும். எஃப்.ஐ.ஆர். கேட்டபோது, "உன் மோட்டாருக்கு பில் இருக்கா?" என்றார்கள். பழைய மோட்டாரைக் கைமாற்றாக வாங்கியவரிடம் பில் எங்கே இருக்கும்? கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. அது மாமாவின் தோணி வரைக்கும் வந்துசேரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும் இதே கதைதான். உடைமைக்குச் சான்று காட்டியவர்களுக்குப் படகு வந்தது. கழியில் கையால் பிடித்தவர்களுக்கும், கூடை சுமந்த பெண்களுக்கும், கூலிக்குப் போனவர்களுக்கும் இழந்ததை நிரூபிக்கவே வழியில்லை. என் அம்மாச்சியின் கூடைக்கு எந்தப் பதிவு எண்ணைக் காட்டுவது? உடைமை இல்லாதவனிடம் களவு போக எதுவும் இல்லை, அவன் களவாடத்தான் முடியும் என்பது இந்த நாட்டின் எழுதப்படாத சட்டம்.

மீனவ அண்ணன்மார்களுக்கு இது புரியாத வலி அல்ல. கோடியக்கரைக்கு அப்பால் கடல் கொள்ளையர்கள் இன்ஜினையும் வலையையும் ஜி.பி.எஸ்.ஸையும் பறித்துக்கொண்டு விடும்போது, புகார் கொடுத்துக் காத்துக் கிடப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். நம் இழுவைப் படகுகள் அக்கரையில் யாழ்ப்பாணத்துச் சிறு மீனவரின் வலையை அறுத்துவிட்டு வருவதும் தெரியும். அதற்கு மட்டும் நாம் யாரும் திருட்டு என்று பெயர் வைப்பதில்லை. நகரத்தில் இவர்கள் வாடகைக்கு வீடு கேட்டால் மீன் நாற்றம் என்று முகம் சுளிப்பவர்களையும் தெரியும். அந்த அவமானத்தை வாங்கி அப்படியே கீழே இறக்கி வைப்பதற்குத்தான் சாதி என்று பெயர்.

படகைக் காக்க வழி இல்லாமலா இருக்கிறது? இன்ஜினைப் படகோடு இறுக்கும் இரண்டு திருகுகளின் கைப்பிடிகளையும் சேர்த்துப் பூட்டும் இரும்புப் பூட்டு இருக்கிறது. இன்ஜினின் தொடர் எண் தகட்டில் இருக்கும். தகடு பிடுங்கப்படும் என்பதால், உளியோ பஞ்சோ வைத்துப் படகின் பதிவு எண்ணை இரண்டு மூன்று இடத்தில் அடித்துவைக்கலாம். எண்ணைப் படம் எடுத்துப் பஞ்சாயத்தில் ஒரு நோட்டு, மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு பிரதி. பட்டறையும் பழைய இரும்புக் கடையும் எண் பார்த்துப் பதிந்துதான் வாங்கவேண்டும் என்று காவல் துறை கட்டாயப்படுத்தட்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது தனிக் குற்றம்; பழைய சட்டத்தில் 411, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 317. அந்தப் பிரிவில் எங்கள் பக்கம் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். இரவுக் காவலுக்கு முறை வையுங்கள். அதில் காலனிக்கும் இருளருக்கும் கூலியோடு பங்கு கொடுங்கள். இரவில் கழியை அவர்களைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை. நோட்டில் தோணி மோட்டாருக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

காவல் நிலையத்துக்கும் பஞ்சாயத்துக்கும் சேர்த்து ஒரு நினைவூட்டல். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீது பொய் வழக்குப் போடுவதும் அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுப்பதும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(பி), 3(1)(க்யூ) பிரிவுகளில் குற்றம். பொது வளத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது அதே சட்டத்தின் 3(1)(இசட்ஏ). கடற்கரை யாருடைய பாட்டன் சொத்தும் அல்ல. மூன்று இளைஞர்களின் பெயரில் மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட இருவர் வந்துவிட்டார்கள். மூன்றாமவர் தயங்குகிறார், அந்தப் பண்ணையில்தான் அவர் அப்பா காவல்காரர்.

இன்ஜின்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. போன வாரம் போனபோது கேமரா மாட்டிவிட்டிருந்தார்கள். அது பாலத்தைத்தான் பார்க்கிறது. படகுகள் அதன் முதுகுப் பக்கம் நிற்கின்றன.