தங்கைக்கு என்ன பரிசு?

12 வயதுத் தங்கைக்குப் பிறந்தநாள் என்றால் நம் கை கொலுசுக்கும் வளையலுக்கும்தான் போகிறது. அழகாக இரு, அடக்கமாக இரு என்று அந்தப் பரிசே அவளுக்குச் சொல்லிவிடுகிறது.

1855இல் மகர், மாங் மக்களின் துயரத்தை 'ஞானோதயா' இதழில் எழுதியபோது முக்தா சால்வேக்கு வயது 14தான். மாங் சாதியில் பிறந்த அவருக்கு எழுத்தைக் கொடுத்தது புலே தம்பதியரின் பள்ளி. 1907இல் மெட்ரிக் தேறிய அம்பேத்கருக்கு ஆசிரியர் கெலுஸ்கர் கொடுத்த பரிசு, தாம் எழுதிய புத்தர் வரலாறு. அந்தப் புத்தரின் வழியைத்தான் 1956இல் லட்சக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் ஏற்றார்.

தோழர்களே, தங்கைக்குப் புத்தகம் வாங்குவோம்; எந்தப் புத்தகம் என்று அவளே சொல்லட்டும். கூடவே நூலக உறுப்பினர் அட்டையும் எடுத்துக் கொடுப்போம். நூலகம் ஊர்த்தெருவில் இருக்கிறதா? அவள் தயங்காமல் படியேறும்வரை நாமும் உடன் போவோம்.