பாட்டன் பெயர் எந்த ஏட்டில்?

மூணாற்றில் கிறிஸ்து ஆலயத்தை அடுத்த மலைச் சரிவில் பழைய கல்லறை ஒன்று உண்டு. ஹென்றி மேன்ஸ்ஃபீல்ட் நைட் என்னும் தோட்டத் துரையின் மனைவி எலினார் இசபெல் மே அங்கு உறங்குகிறார். மணமாகி இம்மலைக்கு வந்த அப்பெண்மணி 1894 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வாந்திபேதியால் இறந்தார். ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டியதோ 1910 ஆம் ஆண்டில்தான். கல்லறை முந்தியது, கோயில் பிந்தியது.

அந்த வாந்திபேதி துரைமார் பங்களாவோடு நின்றுவிடும் நோயன்று. காடு வெட்டவும் பாதை போடவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் போடிக் கணவாய் வழியே ஏறி வந்த நம்மவரும் நோய்க்கும் குளிருக்கும் இரையாயினர். அவர்களுக்குக் கல் இல்லை. கல் இல்லாமற் போனதால் வரலாறும் இல்லாமற் போயிற்றா? இல்லை என்பதே நம் கருத்து. அதனை இத்திங்கள் இப்பகுதியில் ஆராய்வோம்.

இஃது ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்கு அன்று. நம் சங்கத்துக் குடும்பங்களில் பல பெற்றோர் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நாள் கணக்கில் நிற்கின்றனர். பட்டியல் வகுப்பினரைப் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10 ஆம் நாள் வெளிவந்தது. அந்நாளில் ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ, அந்த மாநிலத்துப் பட்டியலின்படியே உரிமை உண்டு. வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தோர் அவ்வுரிமையை உடன் கொண்டு செல்ல இயலாது என 1990 இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆதலின், மூன்று தலைமுறையாக இம்மலையில் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளையையும் பார்த்து, "உன் பாட்டன் 1950 க்கு முன் இங்கிருந்தானா? தாள் எங்கே?" என்று வினவுகின்றனர். பாட்டன் இருந்தது உண்மை. ஆனால் உண்மை வேறு, தாள் வேறு. பிள்ளையின் கல்லூரிப் படிப்பும் வேலையும் அந்த ஒரு தாளில் தொங்குகின்றன.

இனி, தாளைத் தேடும் கலையில் தேர்ந்தவர்கள் எவ்வாறு தேடுகின்றனர் என்று காண்போம். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்துக் குடியானவர் பலர் தம் முன்னோரை முந்நூறு, நானூறு ஆண்டுகள் வரை எண்ணிச் சொல்கின்றனர். அவர்களுடைய பாட்டன்மார் பிரபுக்கள் அல்லர். ஏர் உழுதவர், ஆடு மேய்த்தவர், கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறி இட்டவர். ஆயினும் 1538 இல் எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வோர் ஊர்க் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதி வைக்க ஆணையிட்டார். 1837 முதல் சர்க்காரே பிறப்பு, இறப்புகளைப் பதியத் தொடங்கிற்று. 1841 முதல் மக்கள் தொகைக் கணக்கில் ஒவ்வொருவர் பெயரும் எழுதிய தாள்கள் பாதுகாக்கப்பெற்று, நூறு ஆண்டு கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன.

இவற்றினும் சுவை மிக்கது மரண சாசனம். சொத்து என்றால் மாளிகை என்று எண்ணற்க. சிறு குடியானவனும் தன் படுக்கையை மூத்த மகளுக்கும், பித்தளைப் பாத்திரத்தை இளையவளுக்கும், பசுவை மனைவிக்கும் எழுதி வைத்தான். அவன் இறந்தபின் அண்டை வீட்டார் சிலர் அறை அறையாக நடந்து பொருள்களைக் கணக்கெடுத்துத் திருச்சபை நீதிமன்றத்தில் பட்டியல் கொடுத்தனர். கட்டில் எத்தனை, களஞ்சியத்தில் தானியம் எவ்வளவு, இராட்டினம் உண்டா என்பன எல்லாம் அதில் உள. 1858 ஜனவரி முதல் மரண சாசனங்களை மெய்ப்பிக்கும் பொறுப்பு திருச்சபையினின்று நீங்கிச் சர்க்காருக்கு வந்தது. ஆண்டுதோறும் அகரவரிசைப் பட்டியலும் அச்சாயிற்று. ஒரு சாசனத்தைக் கண்டால் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறை ஒரே தாளில் நிற்பதைக் காணலாம்.

சாசனம் எழுத ஒன்றுமில்லாத பரம ஏழை என்ன ஆனான்? அவனுடைய வரலாறுதான் சில வேளை எல்லாவற்றினும் விரிவாகக் கிடைக்கின்றது. 1662 இல் இயற்றிய குடியமர்வுச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஊரும் தன் ஏழைக்கு மட்டுமே உதவ வேண்டும். பிழைக்க வந்த அயலூர் ஏழை உதவி நாடினால், நீதிபதிகள் முன் அவனை நிறுத்தி, "நீ எங்கே பிறந்தாய்? எவரிடம் ஓராண்டு முழுதும் கூலிக்கு இருந்தாய்? எங்கே மணம் புரிந்தாய்?" என்று விசாரித்து எழுதிக்கொண்டனர். ஊரான் அல்லன் என்று தெரிந்தால் குடும்பத்தோடு பழைய ஊருக்கே அனுப்பினர். அன்று அந்த ஏழை பட்ட அவமானம் கொஞ்சமன்று. ஆனால் அந்த விசாரணைத் தாளே இன்று அவன் சந்ததிக்கு வம்ச சரித்திரமாயிற்று.

அன்பர்களே, இந்த விசாரணை நமக்குப் புதியதா? "நீ எந்த ஊரான்?" என்று இங்கிலாந்தின் கூலியாளைக் கேட்ட அதே கேள்விதான் இன்று தாலுகா அலுவலகத்தில் நம் பிள்ளையை நோக்கி வருகின்றது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. ஏழையை எவரும் பெருமைக்காக எழுதி வைப்பதில்லை. வரி வாங்க, கடன் வசூலிக்க, வேலை கணக்கிட, விசாரிக்க எழுதி வைக்கின்றனர். ஆகவே நம் பாட்டனை எவன் கணக்கெடுத்தானோ அவன் ஏட்டில்தான் பாட்டனைத் தேட வேண்டும்.

முதற் படி, வீட்டுப் பெரியவரிடம் கேட்டல். "எந்த ஆண்டு வந்தீர்கள்?" என்று கேட்டால் விடை வாராது. "வெள்ளத்துக்கு முன்னா, பின்னா?" என்று கேட்க வேண்டும். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் மூணாற்றைச் சூறையாடி, 1908 முதல் ஓடிய குண்டலைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையையும் அழித்தது. அப்பாதை மீண்டும் எழவில்லை. கொல்லம் ஆண்டு 1099 இல் வந்தமையால் மலையாளிகள் அதனைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பர். இரயில் ஓடியதைத் தம் தாய் பார்த்ததாக ஒரு மூதாட்டி சொன்னால், அக்குடும்பம் 1924 க்கு முன்னரே இங்கு இருந்தது என்று பொருள். இவ்வாறே சுதந்திரம் வந்த 1947, கேரள மாநிலம் அமைந்த 1956 ஆகியவற்றையும் எல்லைக் கற்களாக நட்டுக் கொள்ளலாம்.

பழைய தாளில் கொல்லம் ஆண்டு இருப்பின் மயங்க வேண்டா. சிங்க மாதம் முதல் டிசம்பர் முடிய 824 ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825 ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் இவ்வாண்டு வழங்கும். ஜாதகத்தில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை; அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பும். ரக்தாட்சி என்றால் 1924 உம் ஆகலாம், 1984 உம் ஆகலாம்.

இரண்டாம் படி, வீட்டுப் பெட்டி. கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, கருமாதிச் செலவுக் கணக்கு, பழைய தபால், மணியார்டர் இரசீது, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைக் குப்பை என்று எறிந்துவிட வேண்டா. ஊருக்கு அனுப்பிய மணியார்டர் இரசீதில் அஞ்சலக முத்திரையும் தேதியும் உள. அச்சிறு முத்திரை ஒருவர் அந்நாளில் இம்மலையில் இருந்தார் என்பதற்குச் சான்றாக நிற்கும்.

மூன்றாம் படி, தோட்டம். கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினர்; எவருக்கு எவ்வளவு என்று கணக்கு எழுதினர். அக்கங்காணியின் சந்ததியார் வீட்டில் பழைய கணக்கு நோட்டு இருந்தால், கடன்காரராக எழுதப்பெற்ற நம் பாட்டன் அதில் உயிரோடு இருப்பார். தோட்டத்து வேலைப் பதிவேடு, ஆஸ்பத்திரியில் பிரசவம் எழுதிய ஏடு, பணிக்கொடைக் கணக்கு, வருங்கால வைப்பு நிதிக்கு வாரிசு குறித்த தாள் ஆகியவையும் அவ்வாறே. நிர்வாகம் கை மாறிய காலங்களையும் அறிந்து கேட்க வேண்டும். 1897 இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி அமைந்தது. 1964 இல் டாட்டாவும் ஃபின்லேயும் கூட்டுச் சேர்ந்தன. 1983 இல் டாட்டா தேயிலைக் கம்பெனி ஆயிற்று. 2005 இல் தொழிலாளரும் பங்குதாரராய் உள்ள இப்போதைய கம்பெனி பிறந்தது. எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றதற்கு இரசீது வாங்குக. வாய்ச் சொல்லுக்கு வழக்கில் நிலையில்லை.

நான்காம் படி, சர்க்கார் ஏடுகள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு மிகச் சிறந்தது. தந்தையின் பெயர், பிறந்த தேதி, சாதி, குடியிருப்பு எல்லாம் ஒரே வரியில் அமையும். தலைமை ஆசிரியரிடம் படி பெறலாம். திருவிதாங்கூரில் வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை அளித்து 1948 லேயே தேர்தல் நடந்தது. அவ்வாண்டின் வாக்காளர் பட்டியல் கிட்டுமாயின் அது 1950 க்கு முந்திய சான்றாகும். மக்கள் தொகைக் கணக்கை நம்பிக் காத்திருக்க வேண்டா. இங்கிலாந்தில் போல் நம் நாட்டில் தனியாட்களின் விவரத் தாள் எவர்க்கும் காட்டப்படுவதில்லை. தேடும்போது மாவட்டப் பெயரை மறவற்க. இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972 ஜனவரி 26 இல். அதற்கு முன் தேவிகுளம் தாலுகா கோட்டயத்தைச் சேர்ந்தது. மாநிலமும் 1949 வரை திருவிதாங்கூர், 1956 வரை திருக்கொச்சி, அதன்பின் கேரளம்.

ஐந்தாம் படி, சொந்த ஊர். இங்கு வேரூன்றியது தெரிந்தாலும் புறப்பட்ட இடம் தெரியாமல் கதை நிறைவு பெறாது. கிராமத்துக் கர்ணம், மணியம் பதவிகள் 1980 இல் ஒழிந்தன. இன்று கிராம நிர்வாக அலுவலரையும் தாலுகா அலுவலகத்தையும் அணுக வேண்டும். பட்டா, பழைய நிலப் பதிவேடு, கோயில் தலைக்கட்டு வரிப் பட்டியல் ஆகியவற்றைக் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் மரண சாசனங்களுக்கென்றே மூன்றாம் புத்தகம் உண்டு. எழுதியவர் உயிரோடுள்ள வரை அவர்க்கும் அவர் முகவர்க்கும் மட்டுமே படி தருவர். இறந்தபின் எவர் விண்ணப்பித்தாலும் தருவர். இது 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் தந்த உரிமை. இங்கும் மாவட்டங்கள் பிரிந்துள்ளன. கோவில்பட்டி 1986 முதல் தூத்துக்குடியிலும், சங்கரன்கோவில் 2019 முதல் தென்காசியிலும் உள்ளன. பழைய தாள்களிலோ இரண்டும் திருநெல்வேலியே.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரே மனிதர் தமிழில் ஒருவிதமாகவும், மலையாளத்தில் வேறுவிதமாகவும், துரையின் ஆங்கிலத்தில் மூன்றாம் விதமாகவும் எழுதப்பெற்றிருப்பார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தால் இரண்டு தலைமுறை ஒன்றாய்க் கலந்துபோவதும் உண்டு. பெயரோடு தந்தை பெயர், தோட்டத்தின் பிரிவு, ஊர் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே முடிவு செய்க. பேனா எடுத்துப் பழைய தாளில் திருத்தம் மட்டும் செய்யாதீர்கள். திருத்திய தாள் சான்றாகாது, குற்றமாகும்.

பழைய தாளுக்கு இன்று என்ன மதிப்பு என்று ஐயுறுவோர் இம்மலையின் கதையையே நோக்குக. 1877 ஜூலை 11 ஆம் நாள் பூஞ்ஞாற்றுத் தலைவர் ஜான் டேனியல் மன்றோவுக்கு இம்மலைகளைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். கேரள சர்க்கார் 1971 இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கச் சட்டம் இயற்றியபோது வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அந்தப் பழம் பத்திரத்தை ஆராய்ந்தே 1972 இல் தீர்ப்பு வந்தது. துரையின் தாள் தொண்ணூற்றைந்து ஆண்டு கழிந்தும் பேசிற்று. நம் தாள் பேசாதிருப்பது நாம் அதைக் காவாததனால்.

காவாமை மட்டுமன்று, காலமும் இரங்குவதில்லை. 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பலர் கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நம் மக்கள். உயிரோடு பெட்டிகளும் பத்திரங்களும் புதைந்தன. அத்துயரை எண்ணும்போதெல்லாம் நாம் செய்ய வேண்டுவது ஒன்று உண்டு: தாளின் படியை ஒரே வீட்டில் வைக்காமல் ஒன்றை இங்கும், ஒன்றைச் சொந்த ஊரிலும், ஒன்றை மணமாகிச் சென்ற மகள் வீட்டிலும் வைத்தல்.

மகள் என்றதும் மற்றொன்று தோன்றுகிறது. இங்கிலாந்தின் மரண சாசனங்களில் மனைவியும் மகளும் பெயரோடு நிற்கின்றனர். நம் வம்சக் கதைகளிலோ தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஆண் பெயர்களே வரும். இத்தேயிலையைப் பறித்த விரல்களில் பெரும்பாலானவை பெண்களின் விரல்கள். ஆகையால் பெரியவரிடம் கேட்கும்போது பாட்டியின் பெயரையும் அவள் பிறந்த ஊரையும் முதலில் கேட்டு எழுதுங்கள். பாட்டன் பெயரையாவது ஏதேனும் ஓர் ஏடு காக்கும். பாட்டியின் பெயரைக் காக்க வீட்டாரைத் தவிர வேறு எவரும் இலர்.

இத்திங்களே தொடங்குவோம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதற் பக்கத்தில் பிள்ளையின் பெயர். அடுத்து தாய் தந்தையர். அதன்பின் நான்கு பாட்டன் பாட்டிமார். ஒவ்வொருவர்க்கும் எதிரே ஊர், ஆண்டு, அதற்குச் சான்றான தாள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். அவ்வெற்றிடமே அடுத்துச் செல்ல வேண்டிய அலுவலகத்தைக் காட்டும். வீட்டில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் இருப்பின் அலுவலகத்திற்கு நாளை போகலாம். அவரிடம் இன்றே உட்காருங்கள்.