உண்டது மறக்கும், ஏடு மறக்காது

2021-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், நமது காஞ்சி ஜில்லாவின் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலுள்ள பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் பலர் விடுதிச் சாப்பாட்டினால் நோயுற்றனர். 159 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். சிலர் மாண்டனர் என்ற பொய் வதந்தி பரவிற்று. பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். உண்மை தாமதிக்குமிடத்தில் வதந்தி அரசாளுவது இயற்கையே.

இத்தகைய சமயங்களில் அதிகாரிகள் நோயாளியைக் கேட்கும் முதற் கேள்வி, "என்ன சாப்பிட்டாய்?" என்பதாகும். ஆனால் மனித ஞாபகம் நம்பத்தக்க சாட்சியன்று. காஞ்சிக்கு வரும் யாத்ரீகன் ஊர் திரும்பி நோயுற்றால், கடைசியாக உண்டதையே குற்றஞ் சாட்டுவான். சில கிருமிகளின் நஞ்சு சில மணி நேரத்தில் வேலை செய்யும். ஹெபடைடிஸ் ஏ என்னும் ஈரல் நோயோ 15 முதல் 50 நாள் வரை மறைந்திருக்கும். அன்றியும், இட்டிலியை நினைவில் வைப்பவன் அதனுடன் தொட்டுக்கொண்ட சட்னியை மறந்துவிடுகிறான்.

2011-ல் ஜெர்மனியில் நடந்தது இதற்குச் சான்று. 3,800-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதிகாரிகள் முதலில் ஸ்பெயின் தேசத்து வெள்ளரிக்காயின் மீது பழி போட்டனர். குற்றமற்ற குடியானவர்கள் பெருநஷ்டமடைந்தனர். உண்மைக் காரணம் முளைகட்டிய தானியம். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையே அதன் மூலமென ஆராய்ச்சி சுட்டிற்று. ஓர் ஆராய்ச்சியில் நோயாளிகளுள் நால்வரில் ஒருவரே முளையை உண்டதாக நினைவு கூர்ந்தனர். பின்பு ஓர் உணவுச்சாலையின் ரசீதுகளையும் சமையற்காரர் சொன்ன பாகமுறையையும் ஒத்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது.

நம் நெசவாளர் சேலைக் கரையின் கோலத்தை வெறும் ஞாபகத்தில் விட்டுவிடுவதில்லை. ஜக்கார்டு அட்டையில் துளையிட்டு வைக்கிறார். சமையற்கட்டுக்கு மட்டும் ஏன் அவ்வித ஏடு இல்லை?

விடுதி, கலியாண மண்டபம், அன்னதானக் கூடம் அனைத்திலும் அன்றாடப் பதார்த்தங்களும், சரக்கு வந்த இடமும் எழுதப்பட வேண்டும். ஒவ்வொன்றிலும் சிறிது மூன்று நாள் குளிர்ப்பெட்டியில் இருக்கவேண்டும். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-வது பிரிவு, உணவு நஞ்சை வைத்தியர்கள் அறிவிக்கும்படி உத்தரவிட இடந்தருகிறது. அதைச் சர்க்கார் ஏட்டளவில் விடலாகாது.

ஞாபகப் பிசகைக் காட்டித் தொழிலாளியின் புகாரைத் தள்ளுவது அநீதி. நினைவு கூர்வது நோயாளியின் பாரம். எழுதி வைப்பது சமைத்துப் போடுகிறவனின் கடமை. இக்கடமையை நிறைவேற்றும்படி தொழிற்சங்கங்களும் பொதுஜனங்களும் இன்றே வற்புறுத்துவார்களாக.