டக்... டக்... சத்தம்! விசாரிக்காமல் என்ஜினை இறக்கலாமா?

காலை 7 மணி. தெருவோரம் நிற்கும் பழைய மாருதி 800 காரில் ஏறி சாவியைத் திருப்புகிறார் ஒரு மளிகைக் கடைக்காரர். டக்... டக்... டக்..! தையல் மெஷின் ஓடுகிற மாதிரி சத்தம். பின்னால் குப்பென்று நீலப் புகை. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைப் படாரென்று சாத்துகிறார்.

பட்டறைக்குப் போனால் ஒரே வரியில் தீர்ப்பு. "என்ஜின் போச்சு சார். இறக்கிட வேண்டியதுதான்!"

கடைக்காரருக்குத் தலை சுற்றுகிறது. பிஸ்டன் ரிங், பேரிங், ரீபோர் என்று ஆரம்பித்தால் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் காலி!

இது ஏதோ ஒரு தெருவில் மட்டும் நடக்கிற கதை அல்ல. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றும் கூட, இன்னும் பல வீட்டு வாசல்களில் நிற்கிறது. 3 சிலிண்டர், 796 சி.சி. சின்ன என்ஜின்தான். அதற்காக விசாரணையே இல்லாமல் தூக்கு தண்டனை கொடுப்பது என்ன நியாயம்?

முதல் சாட்சி ஆயில் குச்சி

சத்தம் ஒரு புகார். புகை வேறொரு புகார். இரண்டுக்கும் ஒரே குற்றவாளி என்று முடிவு கட்டுவதுதான் முதல் தப்பு.

காரை சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்து ஆயில் குச்சியை உருவ வேண்டும். துடைத்து, திரும்ப விட்டு எடுத்தால் ஆயில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவே தெரிய வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தால், மேலே வால்வுப் பகுதிக்கு ஆயில் சரியாக ஏறாமல் சத்தம் வரலாம். காருடன் வந்த புத்தகத்தில் சொன்ன ரக ஆயிலை மட்டம் வரை ஊற்றியதும் சத்தம் அடங்கிவிட்டால் பாதி வழக்கு முடிந்தது.

ஓடும்போது ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் பேச்சே கிடையாது. உடனே என்ஜினை அணைக்க வேண்டும். "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் பேரிங் பிடித்துக்கொள்ளும். கதை கந்தல்!

சத்தம் எங்கே?

ஆயில் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், காரைத் திறந்த வெளியில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு ஓட விட வேண்டும். பூட்டிய ஷெட்டுக்குள் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும். பெல்ட்டும் ஃபேனும் தொங்குகிற துண்டை இழுத்துவிடும், ஜாக்கிரதை!

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் டாக்டர் குழாய் மாதிரி கேட்கும். மேல் மூடியில் லேசான டக் டக் என்றால் டாப்பெட் இடைவெளியாக இருக்கலாம். குளிர்ந்திருக்கும்போது பலமாகக் கேட்டு, சூடானதும் குறைந்தால் சைலன்சர் பைப் சேருமிடத்தில் காற்று கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அடியிலிருந்து கனமாக 'தட் தட்' என்று இடித்தால் பேரிங் சந்தேகம். அந்தக் காரை ஓட்டவே கூடாது.

டாப்பெட் வேலையை என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கைவேலை தெரிந்தவர் வீட்டிலேயே செய்யலாம். அந்த சிலிண்டரின் வால்வுகள் மூடிய நிலையில், புத்தகத்தில் உள்ள அளவு ஃபீலர் கேஜ் தகடு லேசாக உரசி நுழைய வேண்டும். சத்தமே வரக்கூடாது என்று இறுக்கினால் வால்வு சரியாக மூடாமல் கருகிவிடும். கொஞ்சம் சத்தம் தப்பில்லை!

புகை சொல்லும் துப்பு

அடுத்து ஆயில் எங்கே போகிறது? ராத்திரி காருக்கடியில் பழைய பேப்பரை விரித்தால் காலையில் தெரியும். சொட்டு இருந்தால் அது கசிவு; எரிவது அல்ல. பேக்கிங் மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் மேல் சந்தேகம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். என்ஜின் மூச்சுக் குழாய் அடைத்திருந்தாலும் ஆயில் எரியும். அதையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கடைசி சாட்சி கம்ப்ரஷன் கேஜ். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப அளந்தால், அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். ஹெட்டோடு முடிகிற வேலைக்கு முழு என்ஜினை ஏன் இறக்க வேண்டும்?

மெக்கானிக் மட்டும் குற்றவாளியா?

மெக்கானிக் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. மாதக்கணக்கில் ஆயில் குச்சியைத் தொடாத கார்க்காரர்களும் இதற்குப் பொறுப்புதான். ஆனால் "கேஜ் எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்பது கார்க்காரரின் உரிமை. நல்ல தொழில்காரர் கோபப்பட மாட்டார், காட்டுவார்.

கெட்டி ஆயிலை ஊற்றிப் புகையை அமுக்குவது வைத்தியம் அல்ல. காரைத் தலையில் கட்டுகிறவர்கள் செய்கிற தந்திரம்! பழைய கார் வாங்குவோர், காலையில் ஆறிப்போன என்ஜினைத் தங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும்.

வடித்த பழைய ஆயிலை மழைநீர்க் கால்வாயில் கொட்டுவதும் குற்றமே. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுக்க வேண்டும்.

ஒரு பழைய துணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் பொறுமை. இந்த விசாரணைக்குப் பெரிய செலவு கிடையாது. அது முடிந்து, ரிங்தான் குற்றவாளி என்று கேஜே சாட்சி சொன்னால், தாராளமாக என்ஜினை இறக்கட்டும். அதுவரை கடைக்காரரின் சரக்குப் பணம் கல்லாப் பெட்டியிலேயே இருக்கட்டும்!