திருகோணமலைக்கு ஒருநாள்

"சுற்றுலாவா, எங்களுக்கா?" எமது கிராமமட்டக் கூட்டங்களில் இப்பேச்சை எடுத்தவுடன் எழும் முதற் கேள்வி இதுதான். கணவனை இழந்தவள் பஸ் ஏறிச் சிரித்துக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் எமது பெண்களிடம் இன்னும் இருக்கின்றது. வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் விசாரணைக்கும் அவள் தனியே அலையும்போது வாய்திறவாத ஊர், கடல் பார்க்கப் போனால் மட்டும் ஏன் கதைக்க வேண்டும்? ஆகவேதான் இம்மாதம் திருகோணமலையைப் பற்றி எழுதுகின்றேன். வவுனியாப் பக்கத்துச் சகோதரிகள் சங்கமாகச் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பஸ் பிடித்தால் ஒரே நாளில் சென்று திரும்பலாம்.

ஹொரவப்பொத்தானை வழியாகச் செல்வோருக்கு நகருக்கு முன்னரே கன்னியா வந்துவிடும். அருகருகே ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு வேறுவேறாக இருக்கும். வாளியால் அள்ளித்தான் முழுக வேண்டும். இராவணன் தன் தாயின் கிரியைகளுக்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம். இறந்தோருக்கான கிரியைகளை இங்கு வந்து செய்யும் வழக்கமும் உண்டு.

எம்முடன் வந்த ஓர் அக்கா கிணற்றடிக்கு வரவில்லை. "தங்கச்சி, இது செத்தவைக்குச் செய்யிற இடமெல்லோ. நான் அவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறன். இதில முழுகினால் அவர் இல்லையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி" என்றார். சும்மா குளிக்கவும் சனம் வருகின்றதுதானே என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். நான் வற்புறுத்த விடவில்லை. அவர் எல்லோருடைய பைகளையும் வைத்துக்கொண்டு நிழலில் இருந்தார்.

இந்தத் தயக்கத்தைச் சட்டம் விளங்கிக்கொள்ளவும் காலம் எடுத்தது. 2016 இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின்னரே, மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பத்தினர் அதற்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற முடிந்தது. இதனை அறியாத சகோதரிகள் பலர் இன்னும் உள்ளனர். உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

நகரில் முதலில் பார்க்க வேண்டியது பிரெட்றிக் கோட்டை. போர்த்துக்கேயர் பழைய கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு 1624 இல் இதனைக் கட்டினர். வாயிற்கல்லில் இணைக்கயற் சின்னத்தையும் தமிழ்க் கல்வெட்டையும் இன்றும் காணலாம். 1639 இல் ஒல்லாந்தரும், 1782 இல் முதலில் ஆங்கிலேயரும் பின்னர் பிரெஞ்சுக்காரரும் பிடித்தனர். மீண்டும் ஒல்லாந்தரிடம் போன கோட்டை 1795 இல் திரும்பவும் ஆங்கிலேயர் வசமானது. இத்தனை பேரும் அடிபட்டது ஊருக்காக அல்ல, அந்த ஆழமான இயற்கைத் துறைமுகத்துக்காக. பெரிய கப்பல்களும் புயலுக்கு அஞ்சாமல் உள்ளே நிற்கலாம். அதனால் வந்த துன்பமும் ஊருக்குத்தான். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் இங்கு குண்டு வீசின. ஆங்கிலேயக் கடற்படை 1957 இல்தான் வெளியேறியது.

கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் உள்ளது. சீருடையினரைக் கடந்துதான் கோயிலுக்கு ஏற வேண்டும். எம்மில் சிலருக்கு அது இலேசான நடையல்ல என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கின்றேன். கைகோர்த்து இருவர் இருவராக நடந்தோம். வழியில் புள்ளிமான்கள் மேய்வதைக் கண்டதும் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்து ஓடினார்கள்.

மேலே கோணேசர் ஆலயம். 1956 இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் பாறையடிக் கடலுக்குள் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். புதிய ஆலயத்தின் கும்பாபிஷேகம் 1963 இல் நடைபெற்றது. பக்கத்திலே இராவணன் வெட்டு. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பின்னேரம் நிலாவெளி. 2004 டிசம்பர் 26 இன் பின் கடலுக்குக் கிட்டவே போகாதவர்கள் இருவர் எம்முடன் இருந்தனர். ஒருவர் மணலில் இருந்தபடி கச்சான் தின்றார். மற்றவர் முழங்கால் தண்ணீர் வரை போய் நின்று சத்தமாகச் சிரித்தார். புறாத்தீவுக்கு நாம் போகவில்லை. படகுக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் ரிக்கற்றுக்கும் காசு வேண்டும். போக விரும்புவோர் மே முதல் செப்டெம்பர் வரை, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் போகலாம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வேண்டாம். பவளப்பாறைகளில் மிதிக்கவும் கூடாது.

கிண்ணியாவுக்கு முன்னர் பாதையில் ஏறி, காத்திருந்து கடக்க வேண்டியிருந்தது. 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டபின் அந்தச் சிரமம் இல்லை. நேரமிருந்தால் அதுவரை போய் எருமைத் தயிர் வாங்கலாம். சட்டிகளை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்தட்டில் வைத்த எம்மவர் ஒருவரின் தயிர் முன்சீற்றில் இருந்தவரின் தலையில்தான் வந்து சேர்ந்தது.