துப்பறிவோர் காணாத தடயம்

துப்பறியும் கதைகள் இலக்கிய விசாரணைக்கு உரியன அல்ல என ஒதுக்கும் திறனாய்வாளர் உளர். அக்கதைகளின் சுவைஞர் மதுச்சாலையிற் கூடி விளையாடுகின்றனர் என அறியின் அவர்தம் ஏளனம் இரட்டிப்பாகும். ஆயின் அவ்வேளனம் குறிதவறியது. அத்தகைய கூட்டங்களுள் மிகப் பெயர்பெற்ற ஒன்றின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர், அதனிடத்துக் கண்டிக்கத்தக்கது மதுக்கிண்ணமோ விளையாட்டோ அன்று, வாயிற்கதவே என்பதை உணர்வர்.

ஆதர் கொனன் டொயில் படைத்த ஷேர்லொக் ஹோம்ஸ் மீது பற்றுக்கொண்ட நண்பர் சிலர், எழுத்தாளர் கிறிஸ்தோபர் மோர்லியின் முன்முயற்சியால் 1934ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் ஒரு கழகம் அமைத்தனர். அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிச் சிறிது காலமே கழிந்திருந்தது. விலக்குக் காலத்திற் கள்ளமாக மது வழங்கிவந்த, கிழக்கு 45ஆம் வீதி உணவகமொன்று அவர்களது கூடுமிடமாயிற்று. ஹோம்ஸுக்கு ஒற்றராக உதவும் ஏழைத் தெருச்சிறுவரின் பெயரையே, 'பேக்கர் வீதி ஒழுங்குசாராப் படையினர்' எனத் தமக்குச் சூட்டிக்கொண்டனர்.

பத்திரிகையாளர் எல்மர் டேவிஸ் இக்கழகத்துக்கு வகுத்த யாப்பு, உலகத்துச் சங்கங்களின் யாப்புகளையெல்லாம் நையாண்டி செய்வது. ஏனைய அலுவல்கள் யாவும் மாதாந்தக் கூட்டத்துக்கு விடப்படும் எனக் கூறிய அது, மாதாந்தக் கூட்டம் நடைபெறாது என்றும் விதித்தது. ஒருவர் கதைகளிலிருந்து ஒரு பகுதியைச் சொல்ல, அது எக்கதையில் எச்சந்தர்ப்பத்தில் வருவதெனக் கூற இயலாதவர் அச்சுற்று மதுவுக்குப் பணங்கொடுத்தல் வேண்டும். வினவியவருக்கே விடை தெரியாவிடின் செலவு அவரைச் சாரும்.

இதனை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளுதல் பேதைமை. மூலபாடத்தைத் துருவிப் படித்தலே இவ்விளையாட்டின் அடித்தளம். வேதாகமத் திறனாய்வு முறைகளைப் பகடிசெய்து ரொனால்ட் நொக்ஸ் 1911இல் ஒக்ஸ்போர்டில் ஹோம்ஸ் கதைகள் பற்றி வாசித்த கட்டுரை இம்மரபுக்கு வழிகாட்டியது. வாட்சனின் போர்க்காயம் ஒரு நாவலில் தோளிலும் அடுத்ததிற் காலிலும் இருப்பது ஏன் என வாதிடுவோர், பரீட்சைக்காகக் கதைச்சுருக்கத்தை மனனஞ்செய்வோரினும் மேலான வாசகர் என்பதில் ஐயமில்லை.

இத்துணை நுண்ணிய வாசகர் தம் மேசையைச் சுற்றி இருந்தோர் யார், இல்லாதோர் யார் என்பதை வாசித்தனரா? 1934ஆம் ஆண்டு மே மாதம் 'சற்றர்டே ரிவியூ' இதழில் ஹோம்ஸ் பற்றிய குறுக்கெழுத்துப் புதிரொன்று வெளியிடப்பட்டது. பிழையின்றி விடுவித்தலே கழகத்துக்கு நுழைவுரிமை எனப்பட்டது. விடுவித்தோருட் பெண்களும் இருந்தனர். ஆயினும் அவர்களுக்கு விருந்தழைப்பு விடுக்கப்படவில்லை. தேர்வை நடத்தியோரே தேர்ச்சிபெற்றோரைப் புறந்தள்ளினர்.

இதனினும் பெரிய முரண் ஒன்றுண்டு. அவ்விருந்தின் முதல் வாழ்த்து, 1891இல் வெளிவந்த கதையில் ஹோம்ஸை அறிவால் வென்ற ஐரீன் அட்லர் என்னும் பெண்ணுக்கே உரியது. பின்னாளில் ஆண்டுதோறும் ஒரு பெண்மணியை அழைத்து, அப்பெயரால் அவருக்கு மது உயர்த்தி வாழ்த்தி, உணவு பரிமாறப்படுமுன் வெளியே அனுப்பும் வழக்கமும் நிலைபெற்றது. வாட்சன் ஒரு பெண்ணே என 1941இல் ரெக்ஸ் ஸ்டவுட் குறும்பாக வாதிட்டது அவ்வவையில்தான். வாட்சன் பெண்ணாயிருத்தலை விவாதிக்க இடமளித்த அவையில் உயிருள்ள பெண்ணொருத்தி அமர்ந்து அவ்வாதத்தைக் கேட்க இடமிருக்கவில்லை. 1930 முதல் ஹோம்ஸ் கதைகளை வானொலி நாடகமாக்கி அமெரிக்க இல்லங்களுக்குக் கொண்டுசென்றவர் ஈடித் மைசர் என்னும் பெண்மணி என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

நண்பர் சிலர் தனித்து உண்பதில் என்ன குற்றம் எனச் சிலர் வினவுவர். தனிப்பட்ட விருந்தாயின் குற்றமில்லை. ஆயின் பொது இதழில் புதிரை அச்சிட்டு நாடறிய அழைப்பு விடுத்தவர்க்கு அவ்வாதம் பொருந்தாது. அறிவே அளவுகோல் எனப் பறைசாற்றிய பின்னர், வேறோர் அளவுகோலை மறைவில் வைத்திருத்தல் நேர்மையன்று. 'விளையாட்டுத்தானே' என்னும் சமாதானமும் செல்லாது. யார் விளையாடலாம் என்ற முடிவு ஒருபோதும் விளையாட்டாக எடுக்கப்படுவதில்லை.

1968ஆம் ஆண்டு கல்லூரி மாணவியர் சிலர் பதாகைகள் ஏந்தி அவ்விருந்து மண்டபத்தின் வெளியே குளிரில் நின்று மறியல் செய்தனர். ஹோம்ஸ் கதைகளைக் கற்றுத் தமக்கெனச் சங்கம் அமைத்தவர்கள் அவர்கள். கதவு திறக்க மேலும் 23 ஆண்டுகள் சென்றன. 1991இல்தான் பெண்கள் உறுப்பினராக ஏற்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கொனன் டொயிலின் மகள் ஜீன்.

குதிரை களவுபோன இரவில் நாய் குரைக்கவில்லை என்பதையே சான்றாகக் கொண்டு ஹோம்ஸ் உண்மையைக் கண்ட கதையை அவ்வுறுப்பினர் யாவரும் அறிவர். இல்லாமையும் ஒரு தடயம் என்பதே அக்கதை கற்பிக்கும் பாடம். 57 ஆண்டுகள் தம் மேசையிலேயே கிடந்த அத்தடயத்தை அவர்கள் காணவில்லை. காண விரும்பவில்லை என்பதே பொருந்தும். வாசகர் கூடட்டும், மது அருந்தி விளையாடட்டும். ஆயின் நூலின் மீது செலுத்தும் கூர்மையைத் தம் வாயிற்கதவின் மீதும் செலுத்தாத எந்த வாசகர் கழகமும், அது மதுச்சாலையிற் கூடினும் பல்கலைக்கழக மண்டபத்திற் கூடினும், தான் கற்ற நூலைக் கல்லாததே ஆகும்.